காற்பெருவிரல் நகத்தின் கதை

கோயில் வாயிலிற் பாதணிகளைக் கழற்றிவைக்கும் வேளையில், முதியவர் சிலர் தம் காற்பெருவிரலைப் பிறர் கண்ணிற் படாதவாறு மற்றைக் காலுக்குப் பின்னே ஒதுக்கிக்கொள்வதை நாம் கண்டிருக்கலாம். அவ்விரலின் நகம் மஞ்சள் நிறமடைந்து, தடித்து, ஓரங்கள் பொடிந்து கிடக்கும். நோவு பெரிதாக இராது. நாணமே பெரிதாக இருக்கும். "வயது போனால் இப்படித்தான்" என்று அவர் தமக்குத் தாமே ஆறுதல் கூறிக்கொள்வார். வீட்டிலுள்ளோர் "அழுக்கு" என்பர். அயலிலுள்ளோர் "ஏதோ சொத்தை" என்பர். வைத்தியரிடம் காட்டுதற்கோ அது மிகச் சிறிய பொருளாகத் தோன்றும்.

நேயர்களே, இச்சிறிய பொருளுக்கும் ஒரு வரலாறு உண்டு. நகத்தைக் கண்டஞ்சிப் பிடுங்கிய காலம், அதனை வெட்டிச் சீர்செய்வதே கலையென்று கொண்ட காலம், அதனுள்ளே வாழும் உயிரை நுணுக்குக்காட்டியாற் கண்ட காலம், அவ்வுயிரைக் குளிசையால் வெல்ல முயன்ற காலம் என்று அவ்வரலாற்றை வகுக்கலாம். அதன் நடுவிலே நம் கொழும்பு மாநகரும் இடம்பெறுகின்றது. கால்நகத்தைக் கெடுக்கும் பூஞ்சணங்களுள் உலகெங்கும் முதன்மை பெற்று விளங்குவது, 1910 ஆம் ஆண்டிலே கொழும்பிற் பணியாற்றிய ஒருவரால் விவரிக்கப்பட்டதாகும். அக்கதையைக் கூறுமுன், நகமென்பது யாதென்பதைச் சிறிது நோக்குவோம்.

நாம் கண்ணாற் காணும் நகம் உயிரற்ற தகடு. மயிரும், மாட்டின் கொம்பும், குதிரையின் குளம்பும் எப்பொருளால் ஆயினவோ அக்கெரற்றின் என்னும் பொருளாலேயே நகமும் ஆயது. உயிருள்ள பகுதி தோலுக்கடியில் மறைந்திருக்கின்றது; அதனை நகமூலம் என்று கூறலாம். அங்கேதான் நகம் நாள்தோறும் உற்பத்தியாகி முன்னோக்கித் தள்ளப்படுகின்றது. மூலம் சிதைந்தால் தகடும் சிதைவுறும். மூலம் நன்றாயிருந்து தகடு மட்டும் கெட்டால், காலப்போக்கில் நல்ல நகம் முளைத்து வருதற்கு வழியுண்டு. இந்த ஒரு வேறுபாட்டை அறிந்துகொள்ளவே மனிதகுலத்துக்குப் பன்னூறு ஆண்டுகள் சென்றன.

காலைப் பேணும் வழக்கம் மிகப் பழையது. எகிப்து தேசத்துச் சக்காரா என்னும் இடத்திலே, ஏறத்தாழ 4,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அங்மாகோர் என்னும் பெருந்தலைவனின் கல்லறைச் சுவரில், சிலர் அமர்ந்து பிறருடைய கைகால் விரல்களைப் பற்றி ஏதோ செய்துகொண்டிருக்கும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. அது சத்திர சிகிச்சையா, நகம் திருத்தலா, பிடித்துவிடுதலா என்பது பற்றி அறிஞர்கள் வேறுபடுவர். எதுவாயினும், காலைப் பிறரிடம் கொடுத்துப் பேணுவித்தல் இழிவன்று என்று கருதிய ஒரு சமுதாயம் அன்றே இருந்ததென்பது தெளிவு.

பாரத நாட்டின் பழைய மருத்துவ நூலாகிய சுசுருத சங்கிதை, சிறுநோய்களைத் தொகுத்துக் கூறும் பகுதியிலே நகநோய்கள் இரண்டினைப் பிரித்துரைக்கின்றது. நகத்தையடுத்த தசை சீழ்ப்பிடித்து எரிவும் நோவும் தருவது ஒன்று. அதனை நாம் நகச்சுற்று என்போம். அடிபட்டதனால் நகம் கருகி, வறண்டு, கரடுமுரடாவது மற்றொன்று. அதற்குக் குநகம் என்று பெயர். இங்கே நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது, நகம் கெட்டதற்கு ஊழ்வினையையோ அழுக்கையோ கூறாமல், அடிபட்டமையைக் காரணமாகக் கூறிய நேர்மையாகும். வெந்நீர் வார்த்து, கெட்டதை வெட்டி அகற்றி, எண்ணெய் பூசிப் பிசின்தூள் இடுமாறு அந்நூல் விதிக்கின்றது. தமிழ் வழக்கிலும் நகச்சுற்று, நகச்சொத்தை என்று இரு சொற்கள் வழங்குவதை நோக்கும்போது, சீழ் வைப்பதும் நகமே உளுத்துப்போவதும் வெவ்வேறு என்பதை நம் முன்னோரும் அறிந்திருந்தனர் என்பது புலனாகும்.

மேற்றிசையிலே, பத்தாம் நூற்றாண்டில் ஸ்பானிய மண்ணிற் குர்துபா நகரையடுத்து வாழ்ந்த அராபிய சத்திரவைத்தியர் அல்-சஃக்ராவி, நகச்சுற்றைப் பற்றியும் நசுங்கிய நகத்தைப் பற்றியும் எழுதிவைத்தார். ஆயினும் அவருக்குப் பின்வந்த பல நூற்றாண்டுகளில் நகத்துக்குச் செய்யப்பட்ட வைத்தியம் பெரும்பாலும் கத்தியும் காய்ச்சிய இரும்புமாகவே இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பாரிசு நகரிலே புகழுச்சியில் இருந்த டுப்புயித்திரென் என்னும் சத்திரவைத்தியர், தசைக்குள் வளர்ந்த நகத்துக்குச் செய்த சிகிச்சை பலராலும் பேசப்பட்டது. கூரிய கத்தரிக்கோலின் ஓரலகை நகத்தின் அடியிற் செலுத்தி, அதனை இரண்டாகப் பிளந்து, குறட்டினாற் பற்றிச் சுருட்டிப் பிடுங்குதலே அச்சிகிச்சை. மயக்கமருந்து மக்கள் முன்னிலையிற் செயல்படுத்திக் காட்டப்பட்டது 1846 ஆம் ஆண்டிலேதான். அதற்கு முன்னர் அக்கட்டிலிற் கிடந்தவர் பட்ட பாட்டை நாம் சொல்ல வேண்டுவதில்லை. இத்துணை வேதனைக்குப் பின்னரும், நகமூலம் எஞ்சியிருந்தால் நகம் மறுபடி வளர்ந்தது. காரணம் எஞ்சியிருந்தால் நோயும் மறுபடி வந்தது.

பெரிய வைத்தியர்கள் காலைக் குனிந்து பாராதிருந்தமையால், அப்பணி வேறொரு சாராரிடம் சென்றது. காலாணி செதுக்குவோர், நகம் திருத்துவோர் என்று சந்தைகளிலே திரிந்த தொழிலாளர் அவர்கள். அவர்களுள் எழுத்தறிந்த சிலர் தம் தொழிலுக்கு ஒரு மதிப்பைத் தேடினர். பிரெஞ்சு அரசவையிற் காலுக்கு வைத்தியம் செய்த இலபொரே என்பவர், காலைப் பேணும் கலையைப் பற்றி 1781 ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். நான்கு ஆண்டுகள் கழித்து இலண்டனில் டேவிட் லோ என்பவர், பெரும்பகுதி அந்நூலைத் தழுவியே ஓர் ஆங்கில நூலை எழுதிக் கால்வைத்தியருக்குக் கைரொப்போடிஸ்ற் என்ற பெயரையும் ஆக்கினார். 1845 ஆம் ஆண்டில், விக்டோரியா அரசியாரின் கால்வைத்தியராயிருந்த இலூயிஸ் டேர்லாக்கர், காலாணிகளோடு நகநோய்களையும் தனியே எடுத்து ஆராய்ந்து ஒரு நூல் தந்தார். கற்றோர் சபையில் இடம் பெறாத தொழிலாளர், தம் கைப்பழக்கத்தினாற் கண்டறிந்தவற்றை ஏட்டிலே பொறித்த முதல் முயற்சிகள் இவை.

இத்தொழிலாளர் நன்கறிந்த ஒரு நகக்கேடு உண்டு. நகம் அளவிறந்து தடித்து, ஆட்டுக்கடாவின் கொம்பு போல வளைந்து, அடுத்த விரலின்மேல் ஏறிவிடும். ஆங்கில வழக்கில் இதற்குக் குதிரைக்காரன் விரல் என்று பொருள்படும் பெயரும் உண்டு. குதிரை இலாயத்தில் வேலைசெய்தோரின் காலைக் குதிரை மிதிப்பது அன்றாட நிகழ்ச்சி. மிதிபட்ட விரலின் நகமூலம் நசுங்கிப்போக, பின்னர் வளரும் நகமெல்லாம் கோணலாகவும் தடிப்பாகவும் வளரும். சுசுருதர் கூறிய குநகமும் இந்தக் குதிரைக்காரன் விரலும் ஒரே உண்மையின் இரு தோற்றங்களாம். ஒடுக்கமான சப்பாத்தின் இடைவிடாத அழுத்தமும், கால்களுக்கு இரத்தவோட்டம் குறைதலும், முதுமையிற் குனிந்து நகம் வெட்ட இயலாமையும் இதே விளைவைத் தரும். இது தொற்றுநோயன்று, எந்தக் குளிசையாலும் இது தீராது. இதனை மனத்திலிருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

நகத்தினுள்ளே வேறோர் உயிர் வாழக்கூடும் என்ற எண்ணத்துக்கு வித்திட்டது பட்டுப்புழு. இத்தாலிய நாட்டில் அகொஸ்தீனோ பாசி என்பவர், பட்டுப்புழுக்களை மாய்த்த ஒரு கொள்ளைநோய்க்குப் பூஞ்சணமே காரணமென்பதை 1835 ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினார். பூஞ்சணம் என்பது நம் பாடநூல்கள் பங்கசு என்று கூறும் உயிரினமாகும். பாணிற் பூப்பதும், மழைக்காலத்திற் தோற்பொருள்களிற் படர்வதும் இவ்வினமே. 1839 ஆம் ஆண்டிற் சூரிச் நகரிலே ஷோன்லைன், தலையில் வரும் ஒருவகைப் படைநோயிற் பூஞ்சணத்தைக் கண்டார். 1841 ஆம் ஆண்டிற் பாரிசிலே குரூபி அதனை இன்னும் உறுதியாக நிலைநாட்டினார். பற்றீரியாக்களைப் பற்றி உலகம் பேசத் தொடங்குதற்கு ஒரு தலைமுறை முன்னரே, மனிதத் தோலில் நோய் விளைக்கும் நுண்ணுயிராகப் பூஞ்சணம் அறியப்பட்டமை வியப்புக்குரியது.

கெட்ட நகத்தின் துண்டொன்றை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து அதனுள்ளே பூஞ்சண இழைகள் ஊடுருவிக் கிடப்பதை 1853 ஆம் ஆண்டில் விவரித்தவர் யேர்மனிய இளைஞராகிய கியோர்க் மைஸ்னர். தோலிலுள்ள தொடுவுணர்வு நுண்ணுடல்களுக்குத் தம் பெயரை வழங்கியவரும் இவரே. அடுத்து, நோயியலின் தந்தையெனப் போற்றப்படும் ருடோல்ப் விர்க்கோ, நகத்தின் நல்ல அமைப்பையும் நோயுற்ற அமைப்பையும் ஆராய்ந்து, பூஞ்சணத்தாற் கெடும் நகத்துக்குத் தனிப்பெயர் இட்டார். ஆக, ஒரேமாதிரி தடித்துத் தோன்றும் நகங்களுள் சில அடிபட்டவை, சில பூஞ்சணம் பற்றியவை என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே அறிவுலகத்துக்குத் தெரிந்துவிட்டது. எனினும், அக்காலத்து ஐரோப்பிய வைத்தியர் பூஞ்சணம் பற்றிய நகத்தை அருமையாகக் காணப்படும் ஒரு விநோதமாகவே கருதினர். இன்றோ அது உலகிலே மிகப் பரவலாகக் காணப்படும் நகநோய். இடையில் நிகழ்ந்தது யாது? அதற்கு விடைதேட நாம் கொழும்புக்கு வரவேண்டும்.

இத்தாலிய நாட்டுப் புளொரன்சு நகரிலே 1874 ஆம் ஆண்டிற் பிறந்த அல்டோ காஸ்தெல்லானி, ஆபிரிக்காவில் உறக்கநோய் பற்றி ஆராய்ந்த பின்னர், 1903 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து கொழும்பிலிருந்த பற்றீரிய ஆய்வு நிலையத்தின் பொறுப்பை ஏற்றார். பன்னிரண்டு ஆண்டுகள் அவர் இங்கே பணியாற்றினார். பறங்கிப்புண் என்று நம் கிராமத்தார் அழைத்த கொடிய நோயை விளைக்கும் சுருளுயிரை 1905 ஆம் ஆண்டிற் கண்டறிந்தவர் அவரே. வெப்பவலய மருத்துவம் பற்றி அவரும், கொழும்பு மருத்துவக் கல்லூரியைச் சார்ந்திருந்த சாமேர்சும் இணைந்து எழுதிய பெருநூல் 1910 ஆம் ஆண்டில் வெளிவந்து, பலகாலம் உலகெங்கும் கையாளப்பட்டது.

இலங்கையின் வெப்பமும் வியர்வையும் படைநோய்களுக்கு ஏற்றவை. அவற்றை ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்து வளர்த்துப் பார்த்த காஸ்தெல்லானி, தொடையிடுக்கிற் படரும் படையிலிருந்து ஒரு புதிய பூஞ்சணத்தைப் பிரித்தெடுத்தார். வளர்ப்பூடகத்தில் அது செந்நிறச் சாயத்தைப் பரப்பியது. ஆதலின், சிவப்பு என்று பொருள்படும் இலத்தீன் சொல்லால் அதற்கு ரூப்ரம் என்று பெயரிட்டு, 1910 ஆம் ஆண்டில் ஆங்கிலத் தோல்மருத்துவ ஏடொன்றில் விவரித்தார். அடுத்த ஆண்டிற் பிரெஞ்சுப் பேரறிஞர் சபூரோ அதனை வேறோர் இனத்துட் சேர்க்க, இன்று அது திரைக்கோபைற்றன் ரூப்ரம் என்று வழங்குகின்றது.

தொடையிடுக்குப் படைக்கு ஆங்கிலேயர் வைத்திருந்த பெயர் "டோபி அரிப்பு" என்பதாகும். டோபி என்பது ஆடை வெளுப்பவரைக் குறிக்கும் சொல். வெளுத்து வந்த உடையினால் நோய் வந்ததென்று எண்ணி, வெள்ளைத்துரைமார் தம் வியர்வையின் பழியை ஓர் உழைப்பாளியின்மேல் ஏற்றினர். பெயரில் ஏறிய பழி இலகுவில் இறங்குவதில்லை. அச்சொல் மருத்துவ நூல்களிலும் பல்லாண்டுகள் நிலைத்திருந்தது. ஆனால், ரூப்ரம் பின்னர் செய்த பயணத்தை நோக்கினால், அதற்கு வண்டியாக அமைந்தது வெளுப்பவரின் மூட்டையன்று என்பது விளங்கும்.

தென்கிழக்காசியா, இந்தோனேசியத் தீவுகள், வட அவுஸ்திரேலியா, மேற்கு ஆபிரிக்கா ஆகிய நிலங்களில் இப்பூஞ்சணம் நெடுங்காலமாக இருந்ததென்பது பூஞ்சணவியலார் பலரின் கருத்து. அந்நிலத்து மக்கள் வெறுங்காலுடன் நடந்தனர். காற்றும் வெயிலும் படும் காலிற் பூஞ்சணத்துக்கு இடமில்லை. ஆதலின் அது அவர்களின் உடலிலும் இடுக்கிலும் படையாகத் தங்கியது. கோட்டைகளையும் தோட்டங்களையும் ஆளவந்த ஐரோப்பியரோ கம்பளி மேசோட்டையும் தோற்சப்பாத்தையும் கழற்றாமல் அணிந்தனர். ஈரமும் வெம்மையும் இருளும் ஒருங்கே அமைந்த அச்சப்பாத்துக்குள், பூஞ்சணம் தனக்கெனவே கட்டிய மாளிகையைக் கண்டது. விரலிடுக்கிற் குடிபுகுந்து, அங்கிருந்து நகத்தின் அடியில் நுழைந்தது. கப்பல்களும், இரண்டு உலகப்போர்களிற் கண்டம் விட்டுக் கண்டம் சென்ற படைகளும் அதனை ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கொண்டுசென்றன. பொதுக் குளியலறைகளும் நீச்சற் குளங்களும் எஞ்சிய வேலையைச் செய்தன.

2018 ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆய்வொன்று, உலகின் பல பாகங்களிலிருந்து திரட்டிய ரூப்ரம் பூஞ்சணங்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று அச்சாக ஒத்திருப்பதைக் காட்டிற்று. ஒரு வித்து உலகெங்கும் படர்ந்த கதைக்கு இது பொருத்தமான சான்று. நாகரிகத்தின் அடையாளமாக நாம் அணிந்துகொண்ட சப்பாத்தே இந்நோயை நகத்துக்கு வழங்கியது என்று சொன்னால் மிகையாகாது. ஆகவே, தடித்த நகத்தைக் கண்டு "அழுக்கன்" என்று ஒருவரை இகழ்வது வரலாறு அறியாத பேச்சாகும்.

நோயை அறிதல் வேறு, அதனைத் தீர்த்தல் வேறு. நகத்துக்கு மருந்திடுவோர் யாவரும் எதிர்நோக்கவேண்டிய தடை, அது வளரும் மெதுவாகும். அமெரிக்க வைத்தியர் வில்லியம் பீன் என்பவர், தம் 32 ஆம் வயது முதல் 35 ஆண்டுகள் தம் இடக்கைப் பெருவிரல் நகத்தின் அடியிற் கோடு கீறி, அது முன்னேறும் தூரத்தை அளந்துவந்தார். 1980 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட முடிவின்படி, 32 ஆம் வயதில் நாளொன்றுக்கு 0.123 மில்லிமீற்றராயிருந்த வளர்ச்சி, 67 ஆம் வயதில் 0.095 மில்லிமீற்றராகக் குறைந்தது. கால்நகமோ கைநகத்தினும் மெதுவானது. மாதமொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீற்றரே வளரும். காற்பெருவிரல் நகம் முற்றாகப் புதுப்பிக்கப்பட ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு செல்லும். இன்று மருந்து உண்டவர் நாளை நகத்தைப் பார்த்து ஏமாறுவதற்குக் காரணம் இதுவே.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கிடைத்த மருந்துகள் மேற்பூச்சுக்களே. இலண்டன் வைத்தியர் விற்பீல்ட் ஆக்கிய களிம்பும், காஸ்தெல்லானி பின்னாளில் ஆக்கிய செந்நிறப் பூச்சும் தோலிற் படர்ந்த படைக்குப் பயன்பட்டன. கடினமான நகத்தகட்டை ஊடுருவ அவற்றால் இயலவில்லை. எனவே நகத்தைப் பிடுங்கும் பழைய முறையே தொடர்ந்தது; மயக்கமருந்து இருந்தமை மட்டும் வேறுபாடு.

1939 ஆம் ஆண்டில் இலண்டனில் ஒக்ஸ்போர்ட், ரெயிஸ்ட்ரிக், சிமொனார்ட் என்னும் மூவர், ஒருவகைப் பெனிசிலியப் பூஞ்சணத்திலிருந்து கிரிசியோபுல்வின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தனர். அதன் பயன் அன்று எவருக்கும் தெரியவில்லை. பூஞ்சண இழைகளைச் சுருளச்செய்யும் ஆற்றல் அதற்கு உண்டென்பது 1940களிற் புலனாயிற்று. ஆயினும் பயிர்நோய்களுக்கே அதனைப் பயன்படுத்த எண்ணினர். 1958 ஆம் ஆண்டிற் கிளாஸ்கோ நகரில் ஜென்டில்ஸ் என்பவர், படைநோயுற்ற கினிப்பன்றிகளுக்கு அதனை உணவோடு கொடுத்து நோய் நீங்கக் கண்டார். பூஞ்சணத்தைப் பூஞ்சணத்தின் சாற்றாலேயே, அதுவும் வாய்வழி உண்டு வெல்லலாம் என்ற செய்தி வைத்திய உலகை மகிழ்வித்தது.

ஆனால் கால்நகம் அம்மகிழ்ச்சிக்குள் அடங்கவில்லை. இம்மருந்து, புதிதாக உண்டாகும் நகத்திற் கலந்து அதனைக் காக்குமேயன்றிப் பழைய நகத்திலுள்ள பூஞ்சணத்தைக் கொல்லாது. நல்ல நகம் முழுவதும் வளர்ந்து கெட்டதை வெளியே தள்ளும்வரை, ஓராண்டுக்கு மேலாக நாள்தோறும் அதனை உண்ணவேண்டியிருந்தது. அப்படி உண்டும் பலருக்கு நோய் மீண்டது. 1981 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதிபெற்ற கீற்றோகொனசோல் குளிசை நம்பிக்கை தந்தது. எனினும் அது சிலருடைய ஈரலைக் கடுமையாகத் தாக்கியமையால், 2013 ஆம் ஆண்டில் அமெரிக்க, ஐரோப்பிய அதிகாரிகள் அக்குளிசைக்குத் தடையும் கட்டுப்பாடும் விதித்தனர்.

1991 ஆம் ஆண்டிற் பிரித்தானியாவிலும் 1996 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் வழக்குக்கு வந்த டெர்பினபின், இக்கதையில் ஒரு திருப்பம். அது பூஞ்சணத்தின் உயிரணுச் சுற்றாடைக்கு வேண்டிய பொருளை உண்டாக்கவிடாது தடுத்து அதனைக் கொல்வது. நகத்திலே தங்கி, உண்பதை நிறுத்திய பின்னரும் பல மாதம் வேலைசெய்வது. ஆகையால் 12 வாரம் உண்டாற் போதுமாயிற்று. ஆயினும் அதன் வெற்றியையும் உள்ளவாறு கூறவேண்டும். அமெரிக்காவிற் பதிவுபெற்ற சோதனைகளில், கால்நகத்திற் பூஞ்சணம் நீங்கியவர் நூற்றுக்கு 70 பேர். நகம் முற்றிலும் பழைய அழகைப் பெற்றவர் 38 பேர் மட்டுமே. 1999 ஆம் ஆண்டில் அங்கு அனுமதிபெற்ற சைக்ளொபிரொக்ஸ் நகப்பூச்சினால் முழுக்குணம் பெற்றவரோ நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவு. பூஞ்சணம் நீங்குவது ஒன்று, நகம் அழகுறுவது மற்றொன்று. நகமூலம் பலகாலம் சிதைந்திருந்தால், பகைவன் ஓடிய பின்னும் பாழ்பட்ட வீடு பாழ்பட்டே நிற்கும்.

இவ்வரலாறு நமக்குத் தரும் முதற் படிப்பினை, பார்த்த பின்னரே மருந்திடுக என்பதாகும். கெட்டுத் தோன்றும் நகங்களுள் ஏறத்தாழப் பாதியே பூஞ்சணத்தாற் கெட்டவை. எஞ்சியவை அடிபட்டவையாகவோ, சப்பாத்து நெருக்கியவையாகவோ, காளாஞ்சகப்படை போன்ற தோல்நோயின் விளைவாகவோ இருக்கும். கண்ணாற் பார்த்து இவற்றைப் பிரித்தறிதல் தேர்ந்த வைத்தியருக்கும் அரிது. நகத்தின் ஒரு துண்டைப் பொற்றாசியக் காரக் கரைசலில் ஊறவைத்து நுணுக்குக்காட்டியிற் பார்த்தால், இழைகள் உளவா இலவா என்பது தெரியும். மைஸ்னர் 1853 ஆம் ஆண்டிற் கண்ட அதே காட்சியை இன்றும் ஆய்வுகூடத்தார் தேடுகின்றனர். அதைச் செய்யாமல் மாதக்கணக்கிற் குளிசை விழுங்குவோர், இல்லாத பகைவன்மேல் அம்பெய்வோராவர்.

நகத்தின் கீழ் வரும் கரிய நிறத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அடிபட்டு இரத்தம் கண்டியதாயின், அக்கருமை நகத்தோடு முன்னேறிச் சில மாதங்களில் வெளியேறும். வெளியேறாமல் நிற்கும் கரும்புள்ளியும், நாளடைவில் அகலும் கருங்கோடும் ஐயத்துக்குரியவை. நகத்தடியில் எழும் இத்தகைய புற்றுநோயை 1886 ஆம் ஆண்டிலேயே ஆங்கிலச் சத்திரவைத்தியர் ஹட்சின்சன் விவரித்துள்ளார். யமேக்கா நாட்டுப் பாடகர் பொப் மார்லியின் காற்பெருவிரலில் இருந்த கேடு, முதலிற் பந்தாட்டத்திற் பட்ட காயமென்றே எண்ணப்பட்டது. 1977 ஆம் ஆண்டில் அது புற்றுநோயெனத் தெரியவந்தது. 1981 ஆம் ஆண்டில், 36 வயதில், அவர் மறைந்தார்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்நகம் வெறும் அழகுக்குறையன்று. அவர்களின் கால்களில் உணர்வு மங்கியிருக்கும். தடித்த நகம் சப்பாத்துக்குள் அழுந்தி அதன் கீழே புண் உண்டானாலும் நோவு தெரியாது. புண் முற்றி விரலையும் காலையும் இழக்க நேரலாம். அவர்கள் தாமே கத்தி கொண்டு நகத்தைச் செதுக்குதல் கூடாது. வெந்நீரிற் கால் வைக்குமுன் அதன் சூட்டைக் கையாற் பார்த்தல் வேண்டும். நாள்தோறும் காலைப் பார்க்கவேண்டும். கண் மங்கினால் வீட்டிலுள்ள இளையோர் பார்க்கவேண்டும்.

மற்றையோர்க்குரிய முறை எளிது. இளஞ்சூட்டு நீரிற் சிறிது நேரம் ஊறவைத்தால் நகம் இளகும். அதனை ஒரேயடியாக வெட்ட முயலாமற் சிறிது சிறிதாக, மூலைகளைத் தோண்டாமல் நேராக வெட்டி, அரத்தால் தேய்த்துத் தடிப்பைக் குறைக்கலாம். மிகத் தடித்த நகத்துக்கு வைத்தியர் நூற்றுக்கு 40 வீதம் யூரியா சேர்ந்த களிம்பைத் தந்து, கத்தியின்றியே அதனை இளக்கி அகற்றுவர். டுப்புயித்திரெனின் குறட்டுக்கும் இக்களிம்புக்கும் இடையிலுள்ள தூரமே இத்துறையின் முன்னேற்றம். விரலிடுக்குகளை ஈரம் போகத் துடைத்தலும், ஒரே சப்பாத்தை நாள்தோறும் அணியாமல் உலரவிட்டு அணிதலும், பிறர் நகவெட்டியைப் பயன்படுத்தாமையும் நோய் மீளாமற் காக்கும். வீட்டில் வெறுங்காலுடன் நடக்கும் நம் பழக்கம் இவ்வகையில் நமக்கு நன்மையே செய்கின்றது.

கடைகளிற் கண்ட களிம்பை எல்லாம் வாங்கிப் பூசுதலும் தீது. அண்மைக் காலத்தில் இந்தியாவில் வேகமாகப் பரவிய ஒரு படைநோய்ப் பூஞ்சணம் 2020 ஆம் ஆண்டிற் புதிய இனமெனப் பெயரிடப்பட்டது. டெர்பினபினுக்கு அது பெரும்பாலும் அடங்குவதில்லை. ஆராயாமற் பூசிய ஸ்ரீரொயிட் கலப்புக் களிம்புகள் அதன் பரவலுக்குத் துணைபுரிந்தன என்பர் தோல்வைத்தியர். ஒரு நூற்றாண்டின் உழைப்பாற் பெற்ற மருந்தை நம் அவசரத்தால் இழந்துவிடலாகாது.

நேயர்களே, காஸ்தெல்லானியின் சிறப்பு அவர் அரிய கருவி எதனையும் வைத்திருந்தமையன்று. எவரும் அருவருத்து ஒதுக்கிய படையைச் சுரண்டி எடுத்து, பொறுமையோடு வளர்த்துப் பார்த்தமையே. டேர்லாக்கர் போன்றோரின் சிறப்பும் பிறர் காலைக் குனிந்து பார்த்தமையே. கோயில் வாயிலிற் காலை மறைக்கும் முதியவருக்கு வேண்டுவதும் அதுவே. அடுத்தமுறை அவர் வீட்டுக்குத் திரும்பியதும், மகனோ மகளோ பேரப்பிள்ளையோ அவர் காலை மடியில் வைத்து, நல்ல வெளிச்சத்திற் பார்ப்பாராக. பார்த்தபின் அவரை வைத்தியரிடம் அழைத்துச் செல்வாராக. நகம் வளர ஒன்றரை ஆண்டு செல்லும். நாணம் நீங்க ஒரு மாலைப்பொழுது போதும்.